கரையில் மாறும் கணக்கு: குமரிக் கடல் அலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பலர் கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அலைச் சமன்பாடு நடத்தும் நாளில் ஒரு கை கட்டாயம் உயரும். "சார், எங்க ஊர் அலை இப்படி இருக்காதே?" அந்தப் பிள்ளை சொல்வது சரி. பாடத்தில் இருக்கும் அலை நடுக்கடலுக்குப் பொருந்தும். கரையை ஒட்டிய கடைசி ஒரு கிலோமீட்டரில் அந்தக் கணக்கு நிற்காது. நம் ஆட்கள் வள்ளம் இறக்குவதும், பிள்ளைகள் கால் நனைப்பதும், வீடுகள் நிற்பதும் அந்த ஒரு கிலோமீட்டரில்தான். பல வருடமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பாடப்புத்தக அலைக்கும் குளச்சலில் பார்க்கும் அலைக்கும் என்ன வித்தியாசம்?

மீன் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சாளை 100 ரூபாய் என்றால் இரண்டு கிலோ 200 ரூபாய். இது நேரியல் கணக்கு. அதே மீனைக் கரையில் ஏலம் விடும்போது, வந்து இறங்கும் அளவைப் பொறுத்து விலையே மாறிவிடும். இரண்டு மடங்கு மீனுக்கு இரண்டு மடங்கு காசு வராது. இது நேரியலற்ற கணக்கு.

பாடப்புத்தக அலை முதல் வகை. அலையின் உயரம் எவ்வளவாக இருந்தாலும் வேகம் ஒன்றுதான். இரண்டு அலைகள் சந்தித்தால் உயரங்கள் கூடும், பிறகு ஒன்றையொன்று கடந்து பழையபடி போய்விடும். ஆழத்தோடும் அலைநீளத்தோடும் ஒப்பிட்டால் உயரம் மிகச் சிறிதாக இருக்கும்வரை இது நன்றாகவே பொருந்தும். நான்கு மீட்டர் ஆழத்தில் இரண்டு மீட்டர் அலை வந்தால் பொருந்தாது. அங்கே அலையின் உயரம் அதன் வேகத்தை மாற்றும். வேகம் மாறினால் வடிவம் மாறும். வடிவம் மாறினால் அடுத்து வரும் அலையோடு அது நடந்துகொள்ளும் விதமும் மாறும்.

சமன்பாட்டில் அந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது?

நீருக்குள் இல்லை, மேற்பரப்பில் இருக்கிறது. பாகுநிலையையும் சுழிப்பையும் விட்டுவிட்டால், நீருக்குள் எழுத வேண்டியது லாப்லாஸ் சமன்பாடு. அது சுத்தமான நேரியல் சமன்பாடு, இரண்டாம் ஆண்டு மாணவரே தீர்ப்பார். ஆனால் எந்த எல்லைக்குள் தீர்ப்பது? கீழே கடல்தரை, மேலே நீர்ப்பரப்பு. அந்த மேல் எல்லை எங்கே இருக்கிறது என்பதைத்தானே நாம் கண்டுபிடிக்க வேண்டும்? வயலை அளக்கப் போகிறோம், அளக்க அளக்க வரப்பு நகர்கிறது என்று வையுங்கள், அது மாதிரி.

மேற்பரப்பில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பரப்பில் இருக்கும் நீர் பரப்பிலேயே இருக்க வேண்டும் என்பது ஒன்று. அங்கே அழுத்தம் காற்றழுத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதில் பெர்னூலியின் விதிப்படி திசைவேகத்தின் வர்க்கம் வருகிறது. அந்த வர்க்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கள்ளக்கடலைப் பற்றி, அதாவது காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வருவதைப் பற்றிப் பேசும்போது அது திரும்பி வரும்.

உயரமான அலை வேகமாகப் போகும் என்று யார் முதலில் அளந்தது?

ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். 1834 ஆகஸ்டில் எடின்பரோவுக்கு அருகே யூனியன் கால்வாயில் குதிரைகள் ஒரு படகை இழுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு சட்டென்று நின்றது. முன்பக்கம் திரண்டிருந்த நீர் நிற்கவில்லை. ஒற்றை மேடாக உருண்டு கால்வாயில் முன்னே போனது. சுமார் 30 அடி நீளம், ஒன்றிலிருந்து ஒன்றரை அடி உயரம். குதிரையில் ஏறி அதைத் துரத்தினார். மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகத்தில், வடிவம் கெடாமல், ஒன்றிரண்டு மைல் தூரம் அது போனது.

பிறகு தொட்டி கட்டி அளந்து ஒரு விதி கண்டார். நீரின் ஆழத்தையும் அலையின் உயரத்தையும் கூட்டுங்கள், புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்குங்கள், வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் வேகம். இந்த விதியைப் பின்னோக்கிப் போட்டால், அன்று அவர் துரத்திய அலையின் முகட்டுக்குக் கீழே மொத்தம் ஒன்றரை மீட்டர் அளவுக்கு நீர் இருந்திருக்கும் என்று வருகிறது.

இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் நிறுத்தியபின் சானலில் நேரான ஒரு துண்டில் நீர் அசையாமல் தேங்கி நிற்கும் சமயம் வேண்டும். ஓட்டம் இருந்தால் அளவு கெட்டுவிடும். அகலத்துக்கு ஏற்ற ஒரு பலகையை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு பேர் நீருக்குள் நின்று ஒரே தள்ளாகத் தள்ளி நிறுத்த வேண்டும். முதல் சில தடவை கலங்கல்தான் வரும். கை பழகியதும் ஒரு வழவழப்பான மேடு கிளம்பும். கூடவே சின்னச் சின்னச் சுருக்கங்களும் வரும், அவை பின்தங்கிவிடும். மேடு மட்டும் தனியே போகும். மிதக்கும் பாசி அந்த மேடு கடக்கும்போது கொஞ்ச தூரம் முன்னே போய் அங்கேயே நின்றுவிடும். அதைப் பார்த்ததும் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சாதாரண அலையில் பாசி முன்னும் பின்னும் ஆடும், இங்கே முன்னே மட்டும் நகர்கிறது. நீர் அரை மீட்டர் ஆழம், மேடு 8 சென்டிமீட்டர் என்றால் 30 மீட்டரைக் கடக்க 12.5 வினாடி ஆகும். உயரத்தைக் கணக்கில் சேர்க்காத சூத்திரம் 13.5 வினாடி என்று சொல்லும். அந்த ஒரு வினாடி வித்தியாசத்தை செல்போன் ஸ்டாப்வாட்சிலேயே பிடிக்கலாம்.

இவ்வளவு தெளிவாகக் கண்ணால் கண்டதை ஏன் உடனே ஏற்கவில்லை?

அன்றைய கணிதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy) எழுதிய ஆழமற்ற நீர்க் கோட்பாடு, உயரமான பகுதி வேகமாகப் போய் முன்பக்கம் செங்குத்தாகிக்கொண்டே போகும், வடிவம் நிலைக்காது என்றது. ஸ்டோக்ஸும் சந்தேகப்பட்டார். 1870களில் பூசினெஸ்க், ரேலி இருவரும் தனித்தனியே ரஸ்ஸல் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்டினார்கள். 1895இல் டச்சுக்காரர்களான கோர்ட்வெக், டி வ்ரீஸ் இருவரும் எழுதிய சமன்பாடு இன்று அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது.

அந்தச் சமன்பாட்டில் இரண்டு விளைவுகள் எதிரெதிரே இழுக்கின்றன. உயரமான இடம் வேகமாகப் போவதால் அலை முன்பக்கம் குவிகிறது. இது நேரியலற்ற உறுப்பு. நீள அலை வேகமாகவும் குட்டை அலை மெதுவாகவும் போவதால் குவிந்தது பரவுகிறது. இது பிரிகை உறுப்பு. குவிப்பும் பரவலும் சரிக்குச் சரியாக நிற்கும் ஒரே வடிவம் ரஸ்ஸல் துரத்திய தனியலை. ஏரி இரண்டாவது உறுப்பை விட்டுவிட்டார், அதனால்தான் அவர் கணக்கில் அந்த அலை வரவில்லை.

1965இல் சபுஸ்கி, க்ருஸ்கல் இருவரும் கணினியில் இந்தச் சமன்பாட்டை ஓட்டியபோது, பெரிய தனியலை சின்னதை எட்டிப் பிடித்து, மோதி, இரண்டுமே முழு வடிவத்தோடு வெளியே வந்தன. மோதலின் அடையாளம் சிறிய இடமாற்றம் மட்டுமே. சொலிட்டான் என்ற பெயர் அவர்கள் வைத்தது.

கரைக்கு வந்ததும் அலை ஏன் நிமிர்ந்து உடைகிறது?

ஆழம் குறையக் குறைய வேகம் குறைகிறது, பின்னால் வரும் ஆற்றல் நெருக்குகிறது, உயரம் கூடுகிறது. முகடு கூராகிறது, இரண்டு முகடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளமான அகடு நீண்டு தட்டையாகிறது. தனியலைக்கு உயரம் ஆழத்தில் 0.78 பங்கைத் தொட்டால் உடையும் என்று மெக்கவன் 1894இல் கணக்கிட்டார். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட 1.2 மீட்டர். ஆழ்கடலில் வரம்பு வேறு: முகட்டின் கோணம் 120 பாகை, உயரம் அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்கு. தரையின் சரிவும் காற்றும் இந்த எண்களைக் கொஞ்சம் மாற்றும்.

காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வருகிறதே, கள்ளக்கடல், அதை எந்தக் கணக்கு விளக்கும்?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தது. வானம் தெளிவாக இருக்கும்போது வரும் எச்சரிக்கையை யாரும் மனதில் ஏற்றிக்கொள்வதில்லை.

பிறப்பிடம் தெற்கே, பூமத்திய ரேகைக்கு அப்பால், தென்பெருங்கடல் புயல்கள். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 வினாடி அலைவு நேரம் உள்ள ஓங்கல் அலையை, அதாவது தூரத்துப் புயலிலிருந்து கிளம்பி வரும் நீண்ட அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் அலைநீளம் அரை கிலோமீட்டர். ஆற்றல் நகரும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். 6000 கிலோமீட்டர் வர ஐந்து நாள். இதுவரை நேரியல் கணக்கே போதும், முன்னறிவிப்பு கொடுக்க முடிவதும் அதனால்தான்.

கரையில் நடப்பதுதான் வேறு. 17 வினாடி அலையும் 19 வினாடி அலையும் சேர்ந்து வருகின்றன என்று வையுங்கள். நேரியல் கணக்கில் இரண்டும் கூடிக் கொஞ்ச நேரம் பெரிதாகவும் கொஞ்ச நேரம் சிறிதாகவும் தெரியும். சராசரி நீர்மட்டம் ஏறாது, இறங்காது. இப்போது அந்த வர்க்க உறுப்பைக் கொண்டுவாருங்கள். இரண்டு கோசைன்களைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் வரும் என்று பிளஸ் ஒன்னில் படித்தோமே, அதேதான். கழித்தல் பகுதியின் அலைவு நேரம் 161 வினாடி. இரண்டே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. புயல் உண்டாக்கிய அலைகளில் இல்லாத ஒரு புது நீள அலை கணக்கிலிருந்து பிறக்கிறது! கடலிலும் அப்படியே பிறக்கிறது. லாங்கே ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் இருவரும் 1960களின் தொடக்கத்தில் இதை விளக்கினார்கள்.

நடுக்கடலில் இந்த நீள அலை பெரிய அலைக் கூட்டங்களோடு கட்டுண்டு, கண்ணுக்குத் தெரியாமல் வரும். கரையில் குட்டை அலைகள் உடைந்து ஆற்றலை இழக்கும்போது கட்டு அவிழ்கிறது. நீள அலை உடையாமல் அப்படியே மணலில் ஏறுகிறது. அதோடு, உடையும் அலைகள் தள்ளுவதால் கரையோர நீர்மட்டமும் உடையும் உயரத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை ஏறி நிற்கும். ஓதம் ஏறும் நேரமும் சேர்ந்தால் கடல் தெருவுக்குள் வரும். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கும், பிறகு அதே அளவு நேரம் இழுக்கும். சாதாரண அலை சில வினாடியில் திரும்பிவிடும் என்று பழகிய கால்கள் ஏமாறுவது அந்த நீண்ட இழுப்பில்தான்.

2004 சுனாமி ஒரு சொலிட்டானா?

பல இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள். நான் ஏற்கவில்லை. காரணம் எண்களில் இருக்கிறது. அலை உயரத்தை அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆழத்தின் முப்படியால் வகுத்தால் வருவது அர்செல் எண். இது பெரிதாக இருந்தால்தான் நேரியலற்ற விளைவு முந்தும். அன்று செயற்கைக்கோள் வங்கக்கடலில் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அலைநீளத்தை 200 கிலோமீட்டர், ஆழத்தை 4 கிலோமீட்டர் என்று வைத்தால் அர்செல் எண் 0.4க்கும் கீழே. சொலிட்டானாகத் திரள்வதற்கு வேண்டிய தூரமும் இந்தியப் பெருங்கடலில் இல்லை. நான்கு மீட்டர் ஆழத்தில் வரும் சாதாரண 10 வினாடி, இரண்டு மீட்டர் அலைக்கு அதே எண் 110ஐத் தாண்டும். முட்டத்தில் தினமும் பார்க்கும் அலை, நடுக்கடல் சுனாமியைவிட 300 மடங்கு நேரியலற்றது!

இலங்கை மறைத்தும் நம் மாவட்டம் ஏன் அடிபட்டது என்பதும் இதோடு வரும் கேள்வி. அவ்வளவு நீளமான அலை தீவைச் சுற்றி வளையும். நடுக்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வந்த அலை ஆழம் குறைந்த இடங்களில் மெதுவாகி, அந்தப் பக்கமே திரும்பும். கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் அனுபவித்ததைச் சொல்லத் தேவையில்லை. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே தூக்கிப்போட்டது. கரையேறிய அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் முழு நேரியலற்ற சமன்பாடுகள் வேண்டும்.

தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் அலை ஏன் அப்படித் தூக்குகிறது?

துறைமுக வாயில் படகு கவிழ்ந்து உயிர் போனவர்களின் வீடுகளிலிருந்தும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு விபத்துக்குக் காரணம் சொல்ல அந்த நாளின் அளவீடுகள் வேண்டும். பொதுவாக மூன்று விஷயங்கள் சேர்கின்றன என்று சொல்லலாம். மணல் மேடிட்டு ஆழம் குறைந்தால், வாயிலேயே அலை உடையும் வரம்பைத் தொடும். ஆற்று நீர் எதிரே வெளியே பாயும்போது அலை நெருக்கப்பட்டு, நீளம் குறைந்து, செங்குத்தாகும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது. அலை ஒரு சுவரில் நேராக மோதினால் உயரம் இரண்டு மடங்கு ஆகும். சுவரை ஒட்டிச் சிறிய கோணத்தில் உரசிக்கொண்டே போனால்? சுவரோரம் மூன்றாவதாக ஒரு முகடு முளைத்து வளரும். தனியலைக்கு இது கோட்பாட்டின்படி நான்கு மடங்கு வரை போகலாம் என்று ஜான் மைல்ஸ் 1977இல் காட்டினார். சோதனைத் தொட்டிகளில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது. இருந்தாலும் இரண்டைத் தாண்டுகிறது.

அதனால் தூண்டில் வளைவு என்று நாம் சொல்லும், கடலுக்குள் நீளும் கற்சுவரின் நீளத்தைப் போலவே அதன் கோணமும் முக்கியம். எந்தச் சுவருக்கும் கல் கொட்டுவதற்கு முன்னால் நேரியலற்ற மாடலும், புனேயில் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில் செய்வது போன்ற சிறிய அளவு மாதிரிச் சோதனையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"மூணு பெரிய அலை போவட்டும்" என்று காத்திருப்பதில் கணக்கு உண்டா?

உண்டு. குளச்சலில் ஒரு பெரியவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, அவசரப்படாத, இது போவட்டும், பொறவு எறக்கலாம்" என்று சொல்லிக் கடலையே பார்த்து நின்றதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன, இடையில் ஓய்வு உண்டு. கூட்டம் எப்படித் திரளும் என்பதை நேரியல் கணக்கே ஓரளவு சொல்லும். ஆழ்கடலில் ஒரே சீரான அலைத்தொடர் தானாகவே கூட்டங்களாக உடையும் என்பதை பெஞ்சமின், ஃபெய்ர் இருவரும் 1967இல் காட்டினார்கள். வடகடலில் டிராப்னர் எரிவாயு மேடையில் 1995 ஜனவரி 1 அன்று பதிவான 25.6 மீட்டர் அலைக்கு அதுதான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது.

மாடல்களை எந்தக் கணினி நிரலில் ஓட்டுகிறார்கள்? எவ்வளவு நம்பலாம்?

இரண்டு குடும்பங்கள். ஸ்வான் போன்றவை அலைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கிறது என்று மட்டும் கணக்கிடும். மாவட்டம் முழுவதற்கும் நாளைய கடல் நிலை வேண்டுமானால் இது போதும். ஃபன்வேவ், ஸ்வாஷ் போன்றவை ஒவ்வொரு அலையையும் தொடரும். ஃபன்வேவுக்கு வேர், பூசினெஸ்க் முறையைச் சரிவான தரைக்கு விரித்து பெரிக்ரின் 1967இல் எழுதிய சமன்பாடுகள். துறைமுக வாய்க்கும் கள்ளக்கடலுக்கும் இந்த இரண்டாவது வகைதான் வேண்டும்.

செலவைப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம், இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 25 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு வினாடியையும் பத்துத் துண்டாக்கிக் கணக்கிட்டால் ஒரு மணி நேரக் கடலுக்கு 9000 கோடி புள்ளிக் கணக்குகள். இன்றைய கணினிக்கு இது பெரிய பாரம் இல்லை. குறை எங்கே என்றால் தரையின் ஆழ வரைபடத்தில். ஆனி ஆடியில் கடல் மணலை எடுத்துப் போகும், பிறகு கொண்டுவந்து போடும். சில வருடத்துக்கு முந்தைய ஆழத்தை வைத்து எவ்வளவு நல்ல சமன்பாட்டை ஓட்டினாலும் உடையும் இடம் தவறித்தான் போகும். புது நிரல் வாங்கும் பணத்தில் முதலில் பருவத்துக்கு ஒருமுறை ஆழம் அளக்கலாம்.

மணவாளக்குறிச்சிக் கருமணலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கூர்முகட்டின் கீழே நீர் கொஞ்ச நேரம் வேகமாகக் கரைநோக்கிப் போகும், தட்டையான அகட்டின் கீழே நிறைய நேரம் மெதுவாகத் திரும்பும். வேகமான ஓட்டம் எல்லா மணலையும் தூக்கும், மெதுவான ஓட்டம் லேசானதை மட்டும் எடுத்துப் போகும். இல்மனைட், மோனசைட் போன்ற கனமானவை கரையில் தங்கும். சமச்சீரான சைன் அலையாக இருந்தால் இந்தப் பிரிப்பு இவ்வளவு நடக்காது.

படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

வகைக்கெழுச் சமன்பாடும் ஃபூரியர் தொடரும் கைக்கு வரட்டும், அப்புறம் கோர்ட்வெக், டி வ்ரீஸ் சமன்பாட்டை பைத்தானில் நீங்களே எழுதி ஓட்டுங்கள். ஐம்பது வரிக்குள் முடியும். மேலே படிக்க, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நேரியலற்ற இயக்கவியலுக்கென்றே மையம் இருக்கிறது. அலைத்தொட்டியோடு வேலை செய்ய வேண்டுமானால் சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறை.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முட்டம் பாறையில், அலை எட்டாத உயரத்தில் உட்காருங்கள். ஒரு பாறையைக் குறிவைத்து, அதைத் தாண்டும் முகடுகளை 20 நிமிடம் நேரத்தோடு எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போட்டு, மணலில் நீர் எந்தக் குறிவரை ஏறுகிறது என்பதையும் எழுதுங்கள். முதல் வரிசையில் 10 முதல் 18 வினாடிக்குள் ஒரு தாளம் தெரியும். இரண்டாவதில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஏற்றம் இருக்கிறதா என்று தேடுங்கள்.